டோன்ட் கில் மை ஆப்: ஸ்க்ரீன் ஆஃப் ஆனதுக்கப்புறம் உங்க போன் என்ன பண்ணுதுன்னு காட்டிக்குடுக்கற ஆப்

இந்த ஆப் உருப்படியா ஒண்ணும் செய்யாது, அதை முன்னாடியே சொல்லிடறேன். பேட்டரி மிச்சம் புடிக்காது, ரேம் கிளீன் பண்றேன்னு ஸ்க்ரீன்ல ராக்கெட் விடாது, போட்டோவ அழகாக்காது. ஸ்டார்ட் அமுக்கிட்டு போனை ஓரமா வெச்சீங்கன்னா பேக்ரவுண்டுல ஓடும், இல்ல ஓட பாக்கும், சில மணி நேரம் கழிச்சு வந்து தொறந்தா நான் ஓட வேண்டிய வேலைல இவ்வளவு சதவீதம்தான் உங்க போன் ஓட விட்டுச்சுன்னு ஒரு மார்க் காட்டும். அவ்வளவுதான். இதுக்கு எதுக்குடா ஒரு ரிவ்யூன்னு கேக்கலாம். அலாரம் அடிக்காம போனவங்க, நோட்டிஃபிகேஷன் எல்லாம் போனை கைல எடுத்தப்பறம் கொத்தா வந்து விழறவங்க, நடந்த தூரம் பாதி காணாம போனவங்க மட்டும் மேல படிங்க, மத்தவங்களுக்கு இது தேவையே இல்ல.

நான் இதை தேடிப்போனதுக்கு காரணம் சைக்கிள். ஞாயித்துக்கெழம காலைல கோயமுத்தூர்ல பேரூர் தாண்டி சிறுவாணி ரோட்டுல மாதம்பட்டி, ஆலாந்துறை வழியா காருண்யா நகர் வரைக்கும் ஒரு செட்டா போவோம். ஜிபிஎஸ் ட்ராக்கிங் ஆப்பை ஆன் பண்ணி போனை ஜெர்சி பாக்கெட்ல போட்டுட்டு மிதிச்சா, வீட்டுக்கு வந்து மேப்ல பாக்கறப்ப ரோடு வளையற எடத்துல எல்லாம் என் கோடு மட்டும் தென்னந்தோப்புக்கு நடுவுல நேரா பறந்து போயிருக்கும். கூட வந்தவங்க போன்ல அதே ஆப், அதே வெர்ஷன், கோடு வளைஞ்சு நெளிஞ்சு அழகா ரோட்டு மேலயே இருக்கு. அப்ப ஆப் மேல தப்பு இல்லைன்னு ஆச்சு. ஆனா அந்த ஆப்போட பிளே ஸ்டோர் பக்கத்துல போய் பாருங்க, வரிசையா ஒத்த ஸ்டார், "வொர்ஸ்ட் ஆப்", "பாதில நின்னுடுது", "அன்இன்ஸ்டால்". அந்த டெவலப்பர் பாவம் எல்லாத்துக்கும் கீழ ஒரே பதிலை திருப்பி திருப்பி ஒட்டி வெச்சிருக்காரு, செட்டிங்ஸ்ல போய் பேட்டரி ஆப்டிமைசேஷனை எடுங்கன்னு. யாரும் அதை படிச்ச மாதிரி தெரியல. (என் போன் எந்த கம்பெனின்னு சொல்லப்போறதில்ல, கேக்காதீங்க, நடு ரேட்டுல விக்கற போன், பாக்ஸ்ல பேட்டரி நம்பரை பெருசா போட்டு விக்கற வகை, அது போதும்.)

இப்ப இதுக்கு பின்னாடி என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், இல்லைன்னா இந்த ஆப் காட்டற மார்க் புரியாது. ஆண்ட்ராய்டே பேட்டரிக்காக ஆப்களை கட்டிப்போடும், அது கூகுள் போட்ட விதி, எல்லா போனுக்கும் பொது. 2015ல ஆண்ட்ராய்டு 6ல டோஸ்னு ஒண்ணு வந்துச்சு. சார்ஜர் இல்லாம, ஸ்க்ரீன் ஆஃப்ல, போன் அசையாம ஒரு எடத்துல கொஞ்ச நேரம் கெடந்தா சிஸ்டம் தூங்க போயிடும், ஆப்களுக்கு நெட் கட், வேக்லாக் (போனை தூங்க விடாம ஒரு ஆப் புடிச்சு வெக்கறது) செல்லாது, சாதாரண அலாரம் எல்லாம் தள்ளிப்போகும். நடுநடுல சின்னதா ஒரு கேப் விடும், நம்ம ஊர்ல கார்ப்பரேஷன் தண்ணி விடற மாதிரின்னு வெச்சுக்கங்க, வர்றப்ப எல்லாரும் குடத்தை தூக்கிட்டு ஓடி புடிச்சுக்கணும், அப்பறம் அடுத்த தடவ எப்பன்னு பாத்துட்டு உக்காரணும். அந்த கேப்பும் நேரம் ஆக ஆக தள்ளி தள்ளித்தான் வரும். அதான் காலைல போனை எடுத்த உடனே ராத்திரி வந்த மெயில் எல்லாம் ஒண்ணா வந்து குமியறது. வாட்சப் மெசேஜ் மட்டும் எப்படி அந்த நேரத்துலயும் வருதுன்னா, கூகுளோட புஷ் சர்வீஸ் வழியா ஹை ப்ரையாரிட்டின்னு முத்திரை குத்தி அனுப்புனா சிஸ்டம் அந்த ஆப்பை கொஞ்ச நேரம் எழுப்பி விடும். போன்ல இருக்கற கடிகார ஆப் அலாரம் கரெக்டா அடிக்கறதுக்கும் ஒரு தனி வழி இருக்கு, அலாரம் க்ளாக்னு பதிவு பண்ணி வெச்சா அந்த நேரத்துக்கு கொஞ்சம் முன்னாடியே சிஸ்டம் டோஸை விட்டு வெளிய வந்துடும். மாத்திரை நேரம் சொல்ற ஆப் எழுதறவரு அந்த வழில போகாம தூக்கத்துலயும் எழுப்பற மத்த அலாரத்தை வெச்சா டோஸ்ல ஒரு ஆப்புக்கு 9 நிமிஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல அடிக்க விடமாட்டாங்க, வெறும் அலாரத்தை வெச்சா அடுத்த கேப் வரைக்கும் சத்தமே இருக்காது.

அப்பறம் வருஷா வருஷம் இறுக்கிட்டே வந்தாங்க. 2016ல ஆண்ட்ராய்டு 7ல பாக்கெட்டுக்குள்ள ஆடிட்டு இருந்தாலும் லேசான டோஸ் வரும்னு ஆச்சு. 2017ல 8ல, நீங்க ஆப்பை விட்டு வெளிய வந்து சில நிமிஷத்துல அதோட பேக்ரவுண்ட் சர்வீஸை சிஸ்டமே நிறுத்திடும், லொகேஷனும் மணிக்கு சில தடவதான் கெடைக்கும். 2018ல 9ல ஆப்களை நீங்க எவ்வளவு அடிக்கடி தொறக்கறீங்கன்னு பாத்து வாளி வாளியா பிரிச்சாங்க, அதிகம் தொறக்காத ஆப்புக்கு வேலை செய்யற வாய்ப்பு கம்மி. இத்தனைக்கும் நடுவுல ஒரு ஆப் நேர்மையா தொடர்ந்து ஓடணும்னா அதுக்கு ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ்னு ஒரு வழி வெச்சிருக்காங்க. மேல ஒரு நோட்டிஃபிகேஷன் நிரந்தரமா காட்டிட்டு நான் ஓடிட்டு இருக்கேன்னு யூசருக்கு தெரியற மாதிரி ஓடணும். பாட்டு கேக்கற ஆப், மேப் வழி சொல்றது, என் சைக்கிள் ட்ராக்கர் எல்லாம் இந்த ரகம். கூகுள் கணக்குப்படி இதை ஸ்க்ரீன் ஆஃப் ஆச்சுங்கறதுக்காக கொல்லக்கூடாது.

ஆனா கொல்றாங்க. கூகுள் விதிக்கு மேல கம்பெனிக்காரங்க அவங்கவங்க சொந்தமா ஒரு பேட்டரி மேனேஜரை ஏத்தி வெச்சிருக்காங்க, அதுல தான் பிரச்சினையே. ஒரு கம்பெனி போன்ல, ஆப் தானா ஓட ஆரம்பிக்கலாமான்னு முடிவு பண்ற செட்டிங் ஆட்டோஸ்டார்ட்னு இருக்கும், இன்னொருத்தர்ல ஆட்டோ லாஞ்ச், இன்னொருத்தர்ல ஸ்லீப்பிங் ஆப்ஸ், டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ். சில போன்ல ரீசன்ட் லிஸ்ட்ல இருந்து ஆப்பை மேல தள்ளிவிட்டாலே ஃபோர்ஸ் ஸ்டாப் பண்ணதுக்கு சமம். ஃபோர்ஸ் ஸ்டாப் ஆன ஆப்புக்கு நீங்களா மறுபடி தொறக்கற வரைக்கும் அலாரமும் கெடையாது, புஷ்ஷும் வராது. நம்ம ஆளுங்களுக்கு எல்லா ஆப்பையும் சுத்தமா தள்ளிவிட்டுட்டு படுத்தாதான் நிம்மதி, அந்த பழக்கமும் இந்த செட்டிங்கும் சேந்தா அம்மாவோட மாத்திரை அலாரம் எங்க இருந்து அடிக்கும்? டெவலப்பருக்கு இதுல எதுவும் கட்டுப்பாட்டுல இல்ல, ஏன்னா இந்த செட்டிங்கை எல்லாம் மாத்தறதுக்கு பொதுவான வழியே கெடையாது, அவரு பங்குக்கு ஒவ்வொரு யூசர்கிட்டயும் கெஞ்சத்தான் முடியும்.

சரி ஆப்புக்கு வர்றேன். இதை எழுதுனது அர்பன்ட்ராய்டுன்னு செக் நாட்டு டீம், ஸ்லீப் ஆஸ் ஆண்ட்ராய்டுன்னு தூக்கத்தை அளக்கற ஆப் வெச்சிருக்கறவங்க. ராத்திரி முழுக்க ஓட வேண்டிய ஆப் வெச்சிருக்கறவங்களுக்கு இந்த வலி எவ்வளவு இருந்திருக்கும்னு யோசிச்சுக்கங்க. மொதல்ல வெப்சைட்டா ஆரம்பிச்சாங்க, எந்த கம்பெனி போன் எவ்வளவு மோசம்னு வரிசைப்படுத்தி, ஸ்டாருக்கு பதிலா அந்த சுருட்டி வெச்ச பீ எமோஜி போட்டு மார்க் குடுத்திருக்காங்க, ரொம்ப கோவத்துல இருந்திருப்பாங்க போல. அப்பறம் ஆப்பும் விட்டாங்க. ஓபன் சோர்ஸ், பிளே ஸ்டோர்ல சும்மாவே கெடைக்குது, சோர்ஸை கிட்ஹப்ல போய் யார் வேணா படிச்சுக்கலாம்.

டெஸ்ட் எப்படின்னா, ஒரு ஃபோர்கிரவுண்ட் சர்வீஸை வேக்லாக்கோட ஆரம்பிக்கும், மெயின் த்ரெட்ல (ஆப்போட முக்கிய வேலை வரிசைல) ஒரு வேலை, தனி த்ரெட்ல ஒரு வேலை, கூடவே அலாரம் மேனேஜர்ல குறிப்பிட்ட இடைவெளில அலாரம், இந்த மூணும் எத்தனை தடவ நடந்திருக்கணும், நெஜத்துல எத்தனை தடவ நடந்துச்சுன்னு கணக்கு போடும். மாயமந்திரம் ஒண்ணும் இல்ல, அதான் எனக்கு இதுல புடிச்சதே. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, சார்ஜர்ல போட்டுட்டு டெஸ்ட் பண்ணா பிரயோஜனம் இல்ல, சார்ஜ் ஏறிட்டு இருந்தா டோஸ் வரவே வராது, மார்க் சூப்பரா வரும், ஏமாந்துடுவீங்க. கழட்டி வெச்சு, ஸ்க்ரீன் ஆஃப் பண்ணி, தொடாம விடணும், ராத்திரி படுக்கறப்ப போட்டு விடறது வசதி.

என் போன்ல எந்த செட்டிங்கும் தொடாம ஓட்டுனப்ப வந்த மார்க் பரீச்சைன்னா ஃபெயில். கிராஃப்ல பாத்தா ஆரம்பத்துல ஒழுங்கா ஓடிட்டு இருந்துச்சு, ஸ்க்ரீன் ஆஃப் ஆகி கொஞ்ச நேரத்துல மொத்தமா செத்துப்போச்சு, அப்பறம் காலைல நான் தொடற வரைக்கும் வெறும் காலி. ஆப்போட பேட்டரி பக்கத்துல போய் அன்ரெஸ்ட்ரிக்டட்னு மாத்துனேன், ஏதோ கொஞ்சம் தேறுச்சு. ஆட்டோஸ்டார்ட்டை ஆன் பண்ணப்பறம் தான் மார்க் நிமிர்ந்துச்சு. ரீசன்ட் லிஸ்ட்ல ஆப்பை அமுக்கி புடிச்சு பூட்டு போடறது இருக்கே, அதுனால டெஸ்ட்ல எனக்கு பெருசா வித்தியாசம் தெரியல, ஆனா கை தவறி தள்ளிவிடாம இருக்க உதவும். ஒண்ணு ஒண்ணா மாத்தி ஒவ்வொண்ணுக்கும் ஓட்டி பாருங்க, எல்லாத்தையும் ஒரே மூச்சுல மாத்துனா எது வேலை செஞ்சுச்சுன்னு தெரியாது, அடுத்த சிஸ்டம் அப்டேட்ல அதுல ஏதாவது ஒண்ணு பழையபடி மாறிட்டா மறுபடி முழிப்பீங்க. அப்டேட் வந்தா ஒரு தடவ ஓட்டி பாத்துடறது நல்லது, என் போன்ல ஒரு அப்டேட்டுக்கு அப்பறம் ஆட்டோஸ்டார்ட் தானா ஆஃப் ஆகியிருந்துச்சு, யாரும் சொல்லல, மார்க் தான் சொல்லுச்சு.

அதே செட்டிங்கை சைக்கிள் ட்ராக்கருக்கும் போட்டேன். இப்ப கோடு ரோட்டு மேலயே போகுது. பேட்டரி? ஒரு ஆப்பை மட்டும் அவுத்து விட்டதுல நாள் முழுக்க நிக்கறதுல எனக்கு கண்ணுக்கு தெரியற கொறை எதுவும் இல்ல.

ஆப்ல உங்க போன் கம்பெனிக்கு ஏத்த மாதிரி கைட் ஒண்ணு இருக்கு, எந்த மெனுவுக்குள்ள போய் எதை அமுக்கணும்னு. இது தான் ஆப்போட பலவீனமும். கம்பெனிக்காரங்க ஒவ்வொரு வெர்ஷனுக்கும் மெனு பேரை மாத்தி, எடத்தை மாத்தி வெச்சுடறாங்க, கைட்ல இருக்கற பேரு பழசா இருக்கும், நாம செட்டிங்ஸ்ல இருக்கற தேடற பாக்ஸ்ல பேட்டரின்னும் ஆட்டோன்னும் அடிச்சு துழாவணும். எல்லாம் இங்கிலீஷ்ல வேற, போனை தமிழ்ல வெச்சிருக்கற பெரியவங்களுக்கு ரெண்டையும் பொருத்தி பாக்கறது சிரமம்தான், பக்கத்துல ஒருத்தர் உக்காந்து செஞ்சு குடுக்கணும்.

இன்னொரு முக்கியமான கொறை. நூத்துக்கு நூறு வந்துடுச்சுன்னா எல்லாம் சரின்னு நெனச்சுடாதீங்க. இது அளக்கறது இப்பதான் ஆரம்பிச்ச, வேக்லாக் புடிச்ச ஒரு ஃபோர்கிரவுண்ட் சர்வீஸை, அதுவும் சில மணி நேரத்துக்கு. பல நாளா தொறக்காம கெடக்கற ஆப் அடி வாளிக்கு போய் படற பாடு இதுல தெரியாது. புஷ் நோட்டிஃபிகேஷன் தாமதமா வருதான்னு தெரியாது. ஆண்ட்ராய்டு 12ல வந்த ஹைபர்நேஷன், மாசக்கணக்கா தொறக்காத ஆப்பை உறைய வெச்சு பர்மிஷனை எல்லாம் புடுங்கிக்கும், அதுவும் இந்த டெஸ்ட்ல வராது. 15 நிமிஷத்துக்கு ஒரு தடவன்னு வொர்க்மேனேஜர்ல (பின்னாடி செய்ய வேண்டிய வேலைய ஆப் பதிவு பண்ணி வெக்கற எடம்) போட்டு வெச்ச வேலை (அதுக்கு கொறஞ்ச இடைவெளியே அங்க கெடையாது) நெஜத்துல எப்ப நடக்குதுன்னும் இது பாக்கறதில்ல. ஃபெயில்னு காட்டுனா நம்பலாம், பாஸ்னு காட்டுனா பாதிதான் நம்பலாம்.

கம்பெனி பக்கமும் கொஞ்சம் பேசணும், இல்லைன்னா ஒருதலைப்பட்சமா போயிடும். டோஸ் வர்றதுக்கு முன்னாடி ஆண்ட்ராய்டு போன் வெச்சிருந்தவங்களுக்கு தெரியும், மதியத்துக்குள்ள சார்ஜர் தேடுவோம். எவனோ ஒருத்தன் எழுதுன டார்ச் லைட் ஆப்பு கூட பின்னாடி நெட்டை தட்டிட்டு இருக்கும், வேக்லாக்கை புடிச்சுட்டு விடவே விடாது. இப்பவும் அந்த மாதிரி ஆப் இருக்கு. போனுக்கு கெட்ட பேர் வர்றதை விட ஆப்புக்கு கெட்ட பேர் வரட்டும்னு கம்பெனி கணக்கு போடுது, யூசரும் பேட்டரி தீந்தா போனை திட்டுவான், அலாரம் அடிக்கலைன்னா ஆப்பை திட்டுவான், கணக்கு சரியாத்தான் வேலை செய்யுது. நல்லது நடக்கலைன்னும் சொல்ல முடியாது, ஆண்ட்ராய்டு 14 வந்தப்ப கூகுளும் சாம்சங்கும் சேந்து, சாம்சங் போன்ல வர்ற ஒன் யூஐ 6ல இருந்து ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் விதிப்படி எழுதுன ஆப்களை ஒழுங்கா ஓட விடுவோம்னு வெளிப்படையா அறிவிச்சாங்க. பதிலுக்கு டெவலப்பருக்கும் கடிவாளம், 14ல இருந்து ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் எந்த வகைன்னு சொல்லியே ஆகணும், 15ல டேட்டா சிங்க் (நெட்ல டேட்டா ஏத்தி எறக்கற) வகைன்னா 24 மணி நேரத்துல மொத்தம் 6 மணி நேரம் தான்.

ஐபோன் வெச்சிருக்கற என் மச்சான் இதெல்லாம் எங்களுக்கு இல்லப்பான்னு சிரிப்பாரு. அங்க ஆரம்பத்துல இருந்தே கட்டிப்போட்டுத்தான் வெச்சிருக்காங்க, எந்த ஆப் பின்னாடி எப்ப ஓடணும்னு சிஸ்டம் தான் முடிவு பண்ணும், அதுனால யாரும் எதிர்பாக்கறதில்ல. 2020ல கொரோனா வந்தப்ப அந்த கட்டு எவ்வளவு இறுக்கம்னு சிங்கப்பூர்ல பாத்தாங்க. கொரோனா வந்தவங்க பக்கத்துல யார் இருந்தாங்கன்னு கண்டுபுடிக்க அரசாங்கம் விட்ட ட்ரேஸ்டுகெதர் ஆப் ப்ளூடூத்ல பக்கத்து போனை தேடணும், ஐபோன்ல ஆப்பை தொறந்தே வெச்சிருந்தாதான் ஒழுங்கா வேலை செய்யும்னு ஆச்சு, அங்க இருந்த நம்ம சொந்தக்காரங்க பஸ்ல போனை தொறந்து கைலயே புடிச்சுட்டு போனதா சொன்னாங்க. அந்த வருஷம் ஏப்ரல்லயே ஆப்பிளும் கூகுளும் சேந்து சிஸ்டத்துக்குள்ளயே அதுக்கு ஒரு வழி செய்யறோம்னு அறிவிச்சதுக்கு இதுவும் ஒரு காரணம். ஒரு நாட்டு அரசாங்கத்துக்கே அந்த கதின்னா வீட்ல உக்காந்து ஆப் எழுதறவர் எம்மாத்திரம்.

எனக்கு இருக்கற ஒரே ஆதங்கம், போன் ரிவ்யூ பண்றவங்க யாரும் இந்த மார்க்கை சொல்றதில்ல. வீடியோவை லூப்ல ஓட்டி ஸ்க்ரீன் டைம் இவ்வளவுன்னு சொல்றாங்க, கேம் ஆட விட்டு சூடு பாக்கறாங்க. ஸ்க்ரீன் ஆஃப்ல ராத்திரி முழுக்க ரெண்டு சதவீதம் தான் எறங்குச்சுன்னு பெருமையா காட்டறாங்க, அந்த ரெண்டு சதவீதத்துக்கு எத்தனை ஆப்பை சாகடிச்சுச்சுன்னு யாரும் கேக்கறதில்ல. டெலிவரி ஓட்டறவங்க, டாக்ஸி ஓட்டறவங்க, சர்க்கரை சென்சாரை போனோட இணைச்சு வெச்சிருக்கறவங்க இவங்களுக்கெல்லாம் கேமராவை விட இந்த நம்பர் தான் முக்கியம். சர்க்கரை சென்சார் ஆப் கம்பெனிங்களே பேட்டரி ஆப்டிமைசேஷனை எடுத்து விடுங்கன்னு அவங்க கைட்ல எழுதி வெச்சிருக்காங்க. பேட்டரியும் நிக்கணும் மார்க்கும் வரணும், அந்த மாதிரி போனும் இருக்கு, வெப்சைட்ல வரிசையோட நல்ல பக்கத்தை போய் பாருங்க, புது போன் வாங்கப்போறவங்க கடைக்கு போறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துட்டு போலாம்.

வீட்ல பெரியவங்க போனுக்கு செஞ்சு குடுக்கறவங்களுக்கு மட்டும் ஒண்ணு ரெண்டு. எல்லா ஆப்பையும் அவுத்து விடாதீங்க, மாத்திரை ஆப், சென்சார் ஆப்னு அவசியமான ரெண்டு மூணு போதும், மிச்சத்தை போனே கட்டி மேய்க்கட்டும். அந்த ரெண்டு மூணுக்கும் ஆப் இன்ஃபோல கீழ "பயன்படுத்தலைன்னா நிறுத்து"ங்கற அர்த்தத்துல ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க. ஆண்ட்ராய்டு 14ல புதுசா போடற பல ஆப்புக்கு துல்லியமா அலாரம் வெக்கற பர்மிஷன் தானா கெடைக்கறதில்ல, அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்னு ஸ்பெஷல் ஆக்சஸ் பக்கத்துல இருக்கும், அதை ஆன் பண்ணணும். 13ல இருந்து நோட்டிஃபிகேஷனுக்கே தனியா கேக்கும், பெரியவங்க பயந்துட்டு வேண்டாம்னு அமுக்கியிருப்பாங்க, அதையும் பாருங்க. ரேம் பூஸ்டர், கிளீனர் ஏதாவது போட்டு வெச்சிருந்தா மொதல்ல அதை தூக்குங்க, கொன்ன ஆப் திரும்ப எந்திரிக்கறதுக்கே எக்ஸ்ட்ரா சார்ஜ் போகும். எல்லாம் முடிச்சுட்டு டெஸ்ட்டை ஒரு ராத்திரி ஓட்டிட்டு, கூடவே மாத்திரை ஆப்லயும் விடியக்காலைக்கு ஒரு பொய் அலாரம் வெச்சு பாத்துடுங்க.

என் மார்க் அஞ்சுக்கு நாலு, கைட் பழசா இருக்கறதுக்கும் தமிழ் இல்லாததுக்கும் ஒண்ணு கட். ஓட்டி பாத்தவங்க போன் மாடல், ஆண்ட்ராய்டு வெர்ஷன், செட்டிங் மாத்தறதுக்கு முன்னாடி மார்க், மாத்துனப்பறம் மார்க், நாலையும் கீழ போடுங்க, ஆட்டோஸ்டார்ட் மெனு எங்க ஒளிஞ்சிருந்துச்சுன்னும் சேத்து எழுதுனீங்கன்னா அதே போன் வெச்சிருக்கறவங்க தேடற வேலை மிச்சம்.